பத்துப் பொருத்தம் மட்டும் போதாது

எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையில் நோயாளியைக் காப்பாற்றுவது மருந்து மட்டுமல்ல, தானம் தரும் மனிதரும்தான். அவருக்கு என்ன வயது, ஆணா பெண்ணா, எத்தனை குழந்தை பெற்றவர் என்பதெல்லாம் சிகிச்சையின் முடிவை மாற்றக்கூடியவை.

மருத்துவர் சொல்லி முடிப்பதற்குள் தாய் கையை நீட்டிவிடுவாள். "என்னோடதை எடுத்துக்குங்க." மும்பையோ டெல்லியோ வேலூரோ, ரத்தநோய்ப் பிரிவின் ஆலோசனை அறையில் இந்தக் காட்சி மட்டும் மாறுவதில்லை. மகனுக்கு ரத்தப் புற்றுநோய். மருந்துகளால் நோய் இப்போதைக்கு அடங்கியிருக்கிறது. மறுபடி தலைதூக்காமல் இருக்க வேண்டுமானால் வேறொருவரின் ஸ்டெம் செல்களை அவன் உடலில் செலுத்த வேண்டும். தாய்க்கு அடுத்து அப்பா முன்வருவார். செய்தி கேட்ட தாய்மாமன் ஊரிலிருந்து கிளம்பியிருப்பார். கல்லூரியில் படிக்கும் தம்பியைப் பற்றி மட்டும் யாரும் பேச மாட்டார்கள். சின்னப் பையன், பரீட்சை வேறு நெருங்குகிறது, அவனை எதற்கு இதில் இழுப்பது?

மருத்துவர் தேடுவதோ அந்தத் தம்பியைத்தான்.

யார் தானம் தருவது என்பதை இந்தியக் குடும்பங்கள் பாசத்தையும் கடமையையும் வைத்து முடிவு செய்கின்றன. மருத்துவத்தின் கணக்கு வேறு. முதலில் திசுப் பொருத்தம். பிறகு வயது, ஆண் பெண் என்ற வேறுபாடு, கர்ப்பமுற்ற வரலாறு, உடலில் பதுங்கியிருக்கும் வைரஸ், எடை, ரத்த வகை என்று பட்டியல் நீள்கிறது. அரை நூற்றாண்டு கால சிகிச்சைப் பதிவுகள் இவை ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு மதிப்பெண் போடலாம் என்பதை மெல்ல மெல்லத் தெளிவாக்கி வந்திருக்கின்றன. அந்த விடைகளில் சில, குடும்பங்கள் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறானவை.

பாதி அப்பாவிடம், பாதி அம்மாவிடம்

உடலின் செல்கள் பெரும்பாலானவற்றின் மேற்பரப்பில் எச்.எல்.ஏ. என்ற புரதங்கள் இருக்கின்றன. அவைதான் செல்லின் அடையாள அட்டை. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் வெள்ளையணுக்கள் இந்த அட்டையைப் பார்த்துத்தான் 'இது நம்முடையது, இது அந்நியம்' என்று தீர்மானிக்கின்றன. 1958-ல் பாரிஸில் ழான் தோசே இவற்றில் முதலாவதைக் கண்டறிந்தார். அந்தப் பணிக்காக 1980-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இந்த அட்டையை எழுதும் மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் நெருக்கமாக வரிசை கட்டி நிற்கின்றன. அவற்றில் முக்கியமானவை ஐந்து. ஒவ்வொன்றிலும் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஆக மொத்தம் பத்து. கல்யாணத்துக்கு ஜாதகம் பார்ப்பதைப் போல இங்கேயும் பத்துக்குப் பத்து பார்க்கிறார்கள். ஆனால் ஜாதகத்தில் ஓரிரு பொருத்தம் குறைந்தால் பரிகாரம் சொல்ல ஆள் உண்டு. இங்கே குறைந்தால், புதிய செல்கள் நோயாளியின் உடலையே எதிரியாகக் கருதித் தாக்கலாம்.

தொடக்கத்தில் இதெல்லாம் தெரியாது. அமெரிக்காவில் டோனல் தாமஸ் 1950-களின் நடுவில் எலும்பு மஜ்ஜையை மனிதர்களுக்குச் செலுத்தத் தொடங்கினார். அடுத்த பத்தாண்டுகளில் உலகெங்கும் சுமார் 200 பேருக்கு இந்தச் சிகிச்சை செய்யப்பட்டது. ஏறத்தாழ எல்லாமே தோல்வி. பல மருத்துவர்கள் இந்த முயற்சியையே கைவிட்டார்கள். 1968-ல் மின்னசோட்டாவில் ராபர்ட் குட், பிறவியிலேயே நோய் எதிர்ப்பு சக்தி இல்லாத ஓர் ஆண் குழந்தைக்கு அதன் அக்காவின் மஜ்ஜையைச் செலுத்திக் காப்பாற்றினார். திசுப் பொருத்தம் பார்த்துச் செய்தால் இது பலிக்கும் என்பது அதன் பிறகே உறுதியானது. விடாமல் உழைத்த தாமஸுக்கு 1990-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தியாவில் மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1983-லும், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1986-லும் இந்தச் சிகிச்சையைத் தொடங்கின.

பெற்றோர் இருவரிடமும் இரண்டிரண்டு தொகுதிகள். பிள்ளைக்குப் போவது ஒவ்வொருவரிடமிருந்தும் ஒன்று. எனவே நான்கு விதமான சேர்க்கைகளே சாத்தியம். உடன்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நாலில் ஒன்று, அதாவது 25 சதவீதம். இரண்டு உடன்பிறப்புகள் இருந்தால் வாய்ப்பு சுமார் 44 சதவீதம். மூன்று பேர் இருந்தால் 58. முந்தைய தலைமுறையின் பெரிய குடும்பங்களில் யாரோ ஒருவர் பொருந்திவிடுவார். இன்று நிலைமை வேறு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியப் பெண் ஒருவர் சராசரியாகப் பெறும் குழந்தைகள் இரண்டு. ஆக, ஒரு சராசரி நோயாளிக்கு இருப்பது ஒரே ஒரு உடன்பிறப்பு. சின்னக் குடும்பம் சீரான குடும்பம்தான். ஆனால் அந்தக் குடும்பத்தில் பொருத்தமான கொடையாளர் இல்லாமல் போகும் வாய்ப்பு நாலில் மூன்று.

பெற்றோர் பொருந்துவது அரிது. அவர்கள் இருவருமே பிள்ளையுடன் பாதி மட்டுமே ஒத்துப்போவார்கள். விதிவிலக்கு உண்டு. மாமன் மகள், அத்தை மகன் என்று தலைமுறை தலைமுறையாக உறவுக்குள்ளேயே மணம் முடிக்கும் குடும்பங்களில் ஒரே தொகுதி இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டிருக்கும். அங்கே பெற்றோரோ சித்தப்பா, பெரியம்மா பிள்ளைகளோ முழுமையாகப் பொருந்திவிடலாம். எந்த உறவுமுறைத் திருமணம் தலசீமியா போன்ற மரபு நோயைக் கூட்டுகிறதோ, அதுவே கொடையாளரையும் பக்கத்தில் வைத்திருக்கிறது.

தலசீமியா குடும்பங்களை வாட்டும் கேள்வி இன்னொன்று. பொருந்துகிற தங்கையும் நோயின் கூறைச் சுமப்பவள் என்று தெரிந்தால் என்ன செய்வது? கவலைப்படத் தேவையில்லை. 'தலசீமியா மைனர்' என்ற நிலையில் இருப்பவர் தானம் தரலாம். சிகிச்சைக்குப் பிறகு நோயாளியும் தங்கையைப் போலவே ரத்தம் ஏற்ற அவசியமில்லாத வாழ்க்கைக்கு வந்துவிடுவார்.

இரட்டையரின் புதிர்

பொருத்தம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது என்றால், ஒரே கருவில் பிரிந்த இரட்டையரைவிடச் சிறந்த கொடையாளர் இருக்க முடியாது. டோனல் தாமஸின் ஆரம்பகாலச் சிகிச்சைகள் சில அப்படிப்பட்ட இரட்டையரிடையேதான் நடந்தன. செல்கள் எந்தத் தகராறும் இல்லாமல் உடலில் குடியேறின. ஆனால் ரத்தப் புற்றுநோய் சில மாதங்களில் திரும்பி வந்தது.

காரணம் பிறகு விளங்கியது. ரத்தப் புற்றுநோயைக் குணமாக்குவது சிகிச்சைக்கு முன் தரப்படும் கடுமையான மருந்தும் கதிர்வீச்சும் மட்டுமல்ல. புதிதாகக் குடியேறும் கொடையாளரின் வெள்ளையணுக்கள் மிச்சமிருக்கும் புற்றுச் செல்களை அந்நியமாகக் கண்டு வேட்டையாடுகின்றன. இரட்டையரின் செல்களுக்கு அந்த அந்நியம் தெரிவதில்லை. 2,254 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 1990-ல் வெளியான சர்வதேச ஆய்வு இதை உறுதிப்படுத்தியது. இரட்டையரிடமிருந்து செல் பெற்றவர்களுக்கு நோய் திரும்புவது அதிகம்.

இந்தச் சிகிச்சையின் அடிப்படைச் சிக்கலே இதுதான். கொடையாளரின் செல்கள் அளவுக்கு மீறி அந்நியமாக இருந்தால் நோயாளியின் தோல், குடல், கல்லீரல் ஆகியவற்றைத் தாக்கும். துளியும் அந்நியம் இல்லையென்றால் புற்றுநோயை விட்டுவிடும். தலசீமியா, ரத்தச் சோகையின் கொடிய வடிவங்கள் போன்ற புற்றுநோய் அல்லாத நோய்களில் இந்த வேட்டை தேவையே இல்லை. அங்கே முழுப் பொருத்தமுள்ள உடன்பிறப்புக்கே இன்றும் முதல் மரியாதை. ரத்தப் புற்றுநோயிலும் அவருக்கு முதலிடம் உண்டுதான். ஆனால் 'எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது' என்ற சூத்திரம் அங்கே செல்லாது.

வயது போடும் கணக்கு

பொருத்தம் குறைந்தால் என்ன விலை என்பதற்கு எண்கள் உண்டு. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து செல் பெற்ற 3,857 அமெரிக்க நோயாளிகளின் பதிவுகள் 2007-ல் ஆராயப்பட்டன. அங்கே எட்டு இடங்களைப் பார்ப்பது வழக்கம். எட்டும் பொருந்தியவர்களில் 52 சதவீதத்தினர் ஓராண்டுக்குப் பின் உயிருடன் இருந்தார்கள். ஒன்று குறைந்தவர்களில் அது 43 சதவீதம்.

சரி, பொருத்தத்தில் சமமான பலர் கிடைத்தால் யாரைத் தேர்ந்தெடுப்பது? 1987 முதல் 1999 வரை உறவினர் அல்லாதவர்களிடம் மஜ்ஜை பெற்ற 6,978 பேரின் பதிவுகளைக் கொண்டு 2001-ல் வெளியான ஆய்வு இதற்குப் பதில் தந்தது. கொடையாளரின் பல குணங்களை அது அலசியது. அவற்றில் நோயாளியின் ஆயுளைத் தெளிவாக மாற்றியது ஒன்றே ஒன்று: வயது. கொடையாளர் 18-லிருந்து 30 வயதுக்குள் இருந்தால் நோயாளிகளில் 33 சதவீதத்தினர் ஐந்தாண்டுகள் கடந்தார்கள். 31-லிருந்து 45 வரை என்றால் 29 சதவீதம். 45-ஐத் தாண்டினால் 25 சதவீதம். சிகிச்சை வெகுவாக முன்னேறிவிட்ட இன்று இந்த எண்கள் எல்லாமே உயர்ந்திருக்கின்றன. ஆனால் வேறுபாடு மறையவில்லை. 2016-ல் இதே குழுவினர் புதிய பதிவுகளைக் கொண்டு மீண்டும் கணக்கிட்டார்கள். கொடையாளரின் வயது பத்தாண்டு கூடும்போதெல்லாம் நோயாளியின் மரண அபாயம் ஐந்தரை சதவீதம் ஏறுவது தெரிந்தது. இருபது வயதுக்காரரை விட்டு ஐம்பது வயதுக்காரரை எடுத்தால் அபாயம் சுமார் 17 சதவீதம் கூடுகிறது என்று பொருள்.

ஸ்டெம் செல்களுக்கும் முதுமை உண்டு. வயதாக ஆக அவை மரபணுக்களில் சிறு சிறு பிழைகளைச் சேர்த்துக்கொள்கின்றன. ஒருவரிடமிருந்து எடுக்க முடிகிற செல்களின் எண்ணிக்கையும் குறையலாம். உடன்வரும் வெள்ளையணுக்கள் ஒரு வாழ்நாளின் தொற்றுகளையும் சண்டைகளையும் நினைவில் வைத்திருக்கும். இளையவரின் செல்களுக்கு அந்தச் சுமை குறைவு.

இதனால்தான் தம்பி முக்கியமாகிறான். அறுபது வயது நோயாளிக்கு முழுமையாகப் பொருந்தும் ஐம்பத்தெட்டு வயதுத் தங்கை நல்லவரா, அல்லது முன்பின் தெரியாத இருபத்தைந்து வயது இளைஞர் நல்லவரா என்பதில் ஆய்வுகள் இன்னும் ஒரே குரலில் பேசவில்லை. சில தங்கைக்குச் சமமான மதிப்பெண் தருகின்றன. சில இளைஞரை முன்னிறுத்துகின்றன. ஆனால் இரண்டு அந்நியர்களில் ஒருவரைத் தேர்வதானால், இளையவர் என்பதில் விவாதம் இல்லை.

தாய்மையின் தடம்

கை நீட்டிய தாயை மருத்துவர் ஏன் சற்றே ஒதுக்கி வைக்கிறார்? அவர் பாதிப் பொருத்தம் என்பது ஒரு காரணம். வயது இன்னொன்று. மூன்றாவது காரணம் தாய்மையேதான்.

கர்ப்பகாலத்தில் கருவின் செல்கள் சிறிதளவு தாயின் ரத்தத்தில் கலக்கின்றன. அவற்றில் பாதி அடையாளம் தந்தையுடையது. தாயின் நோய் எதிர்ப்பு மண்டலம் அதை அந்நியம் என்று பதிந்துகொள்கிறது. குழந்தைக்கு அதனால் தீங்கில்லை. ஆனால் நினைவு வருடக்கணக்கில் தங்குகிறது. பின்னாளில் அவரது செல்கள் நோயாளியின் உடலில் புகும்போது அந்த நினைவும் கூடவே போகிறது. அதே 2001 ஆய்வில், பலமுறை கர்ப்பமுற்ற பெண்களிடம் மஜ்ஜை பெற்றவர்களில் 54 சதவீதத்தினரை, புதிய செல்கள் உடலைத் தாக்கும் நோயின் நாட்பட்ட வடிவம் பீடித்தது. ஆண்களிடம் பெற்றவர்களில் அது 44 சதவீதம்.

பெண்ணின் செல்கள் ஆணின் உடலுக்குப் போகும்போது இன்னொரு உரசலும் உண்டு. ஆணின் ஒய் குரோமோசோம் உருவாக்கும் புரதங்கள் பெண்ணின் செல்களுக்குப் புதியவை. மகனைச் சுமந்தவருக்கு அவை ஏற்கெனவே அறிமுகமான எதிரிகள். அதனால் பெண்ணிடமிருந்து ஆணுக்கு என்ற சேர்க்கையில் உடலைத் தாக்கும் நோய் கூடுகிறது. அதே காரணத்தால் புற்றுநோய் திரும்புவது குறைகிறது என்பது இதன் மறுபக்கம்.

பாதிப் பொருத்தச் சிகிச்சையில் முன்னோடியான பெய்ஜிங் குழுவினர் 1,210 நோயாளிகளின் அனுபவத்தை 2014-ல் வெளியிட்டார்கள். தாயைவிடத் தந்தையிடமிருந்து செல் பெற்றவர்கள் அதிகம் பிழைத்தார்கள். இளையவர்களும் ஆண்களும் கொடையாளராக இருந்தபோது முடிவுகள் மேம்பட்டன. அது அவர்கள் கையாளும் மருந்து முறைக்குக் கிடைத்த விடை. மற்ற முறைகளிலும் அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. வேறு வழியே இல்லாதபோது தாயின் செல்களால் பிழைத்த பிள்ளைகள் உலகெங்கும் இருக்கிறார்கள். தாய் தகுதியற்றவர் அல்ல. வரிசையில் முதல் ஆள் அல்ல, அவ்வளவுதான்.

ரத்த வகை பொருந்த வேண்டாம்

குடும்பங்கள் முதலில் கேட்கும் கேள்வி ரத்த வகை பற்றியது. வியப்பு என்னவென்றால், அது பொருந்த வேண்டிய அவசியமே இல்லை. 'ஓ' வகை அண்ணனுக்கு 'பி' வகைத் தங்கை தரலாம். சில மாதங்களில் அண்ணனும் 'பி' வகை ஆகிவிடுவார். வகை வேறுபட்டால் செல்களைச் செலுத்தும்போது கூடுதல் எச்சரிக்கை தேவை. சிவப்பணுக்கள் ஊறத் தாமதமாகலாம். ஆனால் பிழைப்பதா இல்லையா என்பதை அது பெரிதாக மாற்றுவதில்லை என்பதே 2016 ஆய்வின் முடிவு.

சைட்டோமெகலோ என்ற வைரஸ் இன்னொரு கேள்வி. ஆரோக்கியமானவர் உடலில் ஓசையின்றிப் படுத்திருக்கும் இது, எதிர்ப்பு சக்தி இழந்தவரிடம் விழித்துக்கொண்டு நுரையீரலையும் குடலையும் தாக்கும். வைரஸைச் சுமக்காத நோயாளிக்குச் சுமக்காத கொடையாளரே நல்லது. மேலை நாடுகளில் இப்படிப் பொறுக்கி எடுக்க முடியும். இந்தியாவில் வயது வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சிறுவயதிலேயே இந்தத் தொற்றைப் பெற்றவர்கள். எனவே இங்கே தேர்வைவிட, சிகிச்சைக்குப் பின் தொடர்ந்து ரத்தத்தைப் பரிசோதித்து வைரஸ் விழிக்கும்போதே அடக்குவதுதான் வழி.

எடைக்கும் பங்கு உண்டு. நோயாளியின் ஒவ்வொரு கிலோ எடைக்கும் குறைந்தது 20 லட்சம் ஸ்டெம் செல்களாவது வேண்டும் என்பது பொதுவான அளவு. எட்டு வயதுத் தங்கையிடமிருந்து எண்பது கிலோ அண்ணனுக்குப் போதுமான அளவு எடுப்பது கடினம். எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. இடுப்பெலும்பின் மஜ்ஜையிலிருந்து எடுக்கலாம். அல்லது ஊசி மருந்து மூலம் செல்களை ரத்தத்துக்கு வரவழைத்து, இயந்திரத்தால் பிரித்தெடுக்கலாம். உறவினர் அல்லாத கொடையாளர்களிடம் இரண்டையும் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 2012-ல் வெளியானது. உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை. ஆனால் உடலைத் தாக்கும் நோயின் நாட்பட்ட வடிவம், ரத்தத்திலிருந்து எடுத்தபோது 53 சதவீதம், மஜ்ஜையிலிருந்து எடுத்தபோது 41 சதவீதம். மறுபக்கம், செல்கள் குடியேறாமல் போவது மஜ்ஜையில்தான் அதிகம்.

பொருத்தம் தளர்கிறது

கடந்த இருபது ஆண்டுகளில் இந்தத் துறையைப் புரட்டிப் போட்டது ஒரு பழைய, விலை மலிந்த மருந்து. பெயர் சைக்ளோபாஸ்பமைடு. செல்களைச் செலுத்திய மூன்றாம், நான்காம் நாட்களில் அதைக் கொடுத்தால், நோயாளியின் உடலைத் தாக்கக் கிளம்பும் வெள்ளையணுக்கள் மட்டும் பெருமளவு அழிகின்றன. ஸ்டெம் செல்கள் தப்பிக்கின்றன. பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் வளர்த்தெடுத்த இந்த முறையால் பாதி மட்டுமே பொருந்துபவரும் கொடையாளராக முடிகிறது. அதாவது பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்களில் பலர். பதிவேடுகளில் தேடி மாதக்கணக்கில் காத்திருக்க முடியாத இந்திய நோயாளிகளுக்கு இது புதிய வாசலைத் திறந்தது.

உறவினர் அல்லாத, முழுதும் பொருந்தாத கொடையாளர்களுக்கும் இதே மருந்து கைகொடுக்கிறது. அமெரிக்காவில் 80 நோயாளிகளிடம் செய்த சோதனை 2021-ல் வெளியானது. ஓராண்டுக்குப் பின் 76 சதவீதத்தினர் உயிருடன் இருந்தார்கள். பத்துப் பொருத்தத்தின் பிடி இப்படித் தளரத் தளர, அதே குடும்பத்தில் கொடையாளர் ஆகக்கூடியவர்கள் நாலைந்து பேராகப் பெருகுகிறார்கள். இருப்பவர்களில் யார் என்ற கேள்விக்கு முன்பைவிட இப்போது முக்கியத்துவம் அதிகம்.

இங்கே ஒரு புதிய எச்சரிக்கையும் சேர்ந்திருக்கிறது. பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்ட நோயாளிகளும், பிள்ளை பெற்ற பெண் நோயாளிகளும் மற்றவர்களின் எச்.எல்.ஏ. புரதங்களுக்கு எதிரான பொருட்களை ரத்தத்தில் உருவாக்கி வைத்திருக்கலாம். அவை குறிப்பிட்ட ஒரு கொடையாளருக்கு எதிரானவையாக இருந்தால், அவரது செல்கள் குடியேறாமலே அழியும். அதனால் தாய் நோயாளியாக இருந்து மகன் கொடையாளராக வரும்போது இந்தப் பரிசோதனை மிக அவசியம்.

இதிலிருந்து குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய நடைமுறைப் பாடம் ஒன்று உண்டு. நோயாளிக்கு ரத்தம் தேவை என்றதும் அண்ணனும் தம்பியும் ஓடிவந்து படுத்துக்கொள்வது இந்திய மருத்துவமனைகளில் அன்றாடக் காட்சி. ஆனால் மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு வாய்ப்புள்ள நோயாளிக்கு, குறிப்பாக எலும்பு மஜ்ஜை வற்றிப்போகும் ரத்தச் சோகையில், நெருங்கிய உறவினரின் ரத்தத்தை ஏற்றக் கூடாது. அந்த ரத்தமே நோயாளியின் உடலை அந்த உறவினரின் செல்களுக்கு எதிராகத் தயார்ப்படுத்திவிடும். இன்று தம்பி தரும் ஒரு பாட்டில் ரத்தம், நாளை அவனுடைய மஜ்ஜை பலிக்காமல் போகக் காரணமாகலாம். தம்பி ரத்தம் தரட்டும், ஆனால் அது ரத்த வங்கி வழியாக வேறொருவருக்குப் போகட்டும்.

ஊர் பெயர் தெரியாத உறவு

குடும்பத்தில் யாருமே தேறவில்லை என்றால் அந்நியரைத் தேட வேண்டும். இந்தத் தேடலுக்கு வித்திட்டவரும் ஒரு தாய்தான். மகன் ஆன்டனிக்கு உறவில் கொடையாளர் கிடைக்காததால், ஷெர்லி நோலன் 1974-ல் லண்டனில் ஒரு பதிவேட்டைத் தொடங்கினார். ஆன்டனிக்குக் கடைசிவரை பொருத்தம் கிடைக்கவில்லை. 1979-ல் ஏழு வயதில் இறந்தான். பதிவேடு நின்றுவிடவில்லை. 1986-ல் அமெரிக்காவில் தேசியப் பதிவேடு உருவானது. இன்று உலகெங்கும் பதிந்திருப்பவர்கள் நான்கு கோடிக்கும் அதிகம்.

ஆனால் எச்.எல்.ஏ. வகைகள் இனத்துக்கு இனம் மாறுபவை. அமெரிக்கப் பதிவேட்டில் ஐரோப்பிய வம்சாவளி வெள்ளையருக்கு எட்டும் பொருந்தும் கொடையாளர் கிடைக்கும் வாய்ப்பு 75 சதவீதம் என்றும், தென் அல்லது மத்திய அமெரிக்க வழிவந்த கறுப்பினத்தவருக்கு 16 சதவீதம் என்றும் 2014-ல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. இந்திய நோயாளிக்குப் பொருந்துபவர் பெரும்பாலும் இந்திய வம்சாவளியினராகவே இருப்பார். எட்டுக் கோடிச் சொச்சம் மக்கள் உள்ள ஜெர்மனியில் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் பதிந்திருக்கிறார்கள். 140 கோடிப் பேர் உள்ள இந்தியாவில், சென்னையில் 2009-ல் தொடங்கிய 'தாத்ரி' உள்ளிட்ட எல்லாப் பதிவேடுகளையும் சேர்த்தாலும் சில லட்சங்களே. இத்தனைக்கும் எண்ணற்ற சாதிகளாகவும் குழுக்களாகவும் பிரிந்து உள்ளுக்குள்ளேயே மணம் முடித்து வந்திருக்கும் சமூகம் இது. அதன் எச்.எல்.ஏ. வகைகளின் பரப்பும் பெரிது. பதிவேடு மற்ற நாடுகளைவிடப் பெரிதாக இருக்க வேண்டிய இடத்தில்தான் சிறியதாக இருக்கிறது.

பதிவது எளிது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தேய்த்துக் கொடுத்தால் போதும். பொருத்தம் வந்து அழைப்பு வந்தால், ஐந்து நாட்கள் ஊசி. உடம்பு வலியும் தலைவலியும் இருக்கலாம். பிறகு நான்கிலிருந்து ஆறு மணி நேரம் இயந்திரத்தின் பக்கத்தில் படுத்திருக்க வேண்டும். ஒரு கையிலிருந்து ரத்தம் வெளியேறி, ஸ்டெம் செல்கள் பிரிக்கப்பட்டு, மறுகை வழியாகத் திரும்பும். இழந்த செல்களை உடல் சில வாரங்களில் ஈடுகட்டிவிடும்.

சிக்கல் தொடங்குவது அழைப்பு வரும்போதுதான். கல்லூரி முகாமில் உற்சாகமாகப் பதிந்த இளைஞர், வருடங்கள் கழித்துத் தொலைபேசி ஒலிக்கும்போது தயங்குகிறார். பல சமயம் அவர் தயாராக இருக்கிறார். வீடு தயாராக இல்லை. முதுகெலும்பில் ஊசி போடுவார்கள், பலவீனமாகிவிடுவான், பெண்ணுக்குக் கல்யாணம் ஆக வேண்டுமே என்ற அச்சங்கள். இவற்றில் எதற்கும் மருத்துவ ஆதாரம் இல்லை. முதுகுத் தண்டை யாரும் தொடுவதில்லை. திருமணத்துக்கோ பிள்ளைப் பேற்றுக்கோ தடையும் இல்லை.

ஆனால் விலகுவதற்குக் கொடுக்க வேண்டிய விலை பெரிது. செல்கள் வருவதற்குச் சில நாட்கள் முன்பே நோயாளியின் சொந்த மஜ்ஜையை மருந்துகளால் அழித்துவிடுவார்கள். அந்தக் கட்டத்துக்குப் பிறகு கொடையாளர் பின்வாங்கினால், நோயாளிக்குப் பழைய மஜ்ஜையும் இல்லை, புதியதும் இல்லை. வேண்டாம் என்று சொல்லும் உரிமை யாருக்கும் எப்போதும் உண்டு. அதைப் பதியும்போதே யோசித்துச் சொல்வது ஓர் உயிருக்குச் செய்யும் நியாயம்.

அமெரிக்கப் பதிவேடு குறிப்பாகத் தேடுவது 18-லிருந்து 35 வயது வரை உள்ளவர்களை. இந்தியாவில் அந்த வயதினருக்குப் பஞ்சமில்லை. உலகின் எந்த நாட்டிலும் இத்தனை இளைஞர்கள் இல்லை. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தாங்கள் யாரோ ஒருவருக்குப் பொருந்தக்கூடும் என்பதே தெரியாது.

ஆலோசனை அறையில் கை நீட்டிய தாய்க்கு மருத்துவர் கடைசியில் விளக்கிச் சொல்வார். தம்பியின் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருப்பார்கள். பொருந்தினால் நிம்மதி. முழுதாகப் பொருந்தாவிட்டாலும் பாதிப் பொருத்தத்தில் வழி இருக்கலாம். அதுவும் இல்லையென்றால், தேடல் எங்கோ ஓர் ஊரில் இருபத்திரண்டு வயது இளைஞன் ஒருவனின் தொலைபேசியில் போய் முடியும். அவனுக்கும் ஒரு தாய் இருப்பாள். அவள் கையை நீட்ட வேண்டியதில்லை. போய்விட்டு வா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.